கிரியான்சா என்றால் வளர்ப்பு: ரியோஹா சிவப்பு ஒயினுக்கு என்ன சமைப்பது

ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் இருக்கும் லோக்ரோன்யோ ஊரில் நான் வேலை பார்க்கும் உணவகத்தில் மொத்தம் 12 மேசைகள். 9 வருடமாக அந்த மேசைகளுக்கு ஒயின் ஊற்றுகிறேன். அதற்கு முன்பு 2 வருடம் அங்கேயே பின்கட்டில் பாத்திரம் கழுவினேன். வெளியூர்க்காரர்கள் வந்து உட்கார்ந்ததும் பட்டியலைப் பிரித்து, "இருக்கிறதிலேயே பழசு எது?" என்று கேட்பார்கள். அதைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு, கூடவே சோரிசோ என்ற பன்றிக்கறித் தொத்திறைச்சி போட்ட உருளைக்கிழங்குக் குழம்பையும் கேட்பார்கள். இரண்டுமே அருமையானவை. ஆனால் சேர்த்து வைத்தால் குழம்பு ஜெயித்துவிடும். 15 வருடம் இருட்டறையில் காத்திருந்த ஒயின் வாயில் இருக்கிற இடமே தெரியாது. பில்லைக் கொண்டுபோய் வைக்கும்போது எனக்கு மனசு கேட்காது.

எங்கள் முதலாளியம்மாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது. என்னை 'இஹோ' என்றுதான் கூப்பிடுவார். மகனே என்று அர்த்தம். நான் கழுவுதொட்டியை விட்டு மேசைப் பக்கம் வந்த முதல் வாரத்தில் அவர் சொன்னார்: "இஹோ, ஒயினுக்கு வயசாக ஆக அடுப்பில் வேலை குறையணும்." இன்றுவரை என் வேலை முழுக்க அந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடுகிறது. நீங்கள் எந்த ஊரில் ரியோஹா பாட்டில் வாங்கினாலும் அதை நம்பிச் சமைக்கலாம்.

முதலில் பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ரியோஹா வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரையில் நீளும் பகுதி. வடக்கே கந்தாப்ரியா மலைத்தொடர் சுவர் மாதிரி நின்று கடல் பக்கத்துக் குளிரையும் மழையையும் தடுக்கிறது. மேற்கே ரியோஹா அல்தா, ஆற்றுக்கு வடக்கே ரியோஹா அலவேசா, கிழக்கே வெயில் கூடுதலான ரியோஹா ஓரியெந்தால். இங்கே சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒரே திராட்சையில் செய்வதில்லை, கலவைதான் மரபு. தெம்ப்ரனில்யோதான் பெரும்பங்கு. 'தெம்ப்ரானோ' என்றால் 'சீக்கிரம்'. மற்றவற்றுக்கு முன்பே பழுத்துவிடுவதால் அந்தப் பெயர். அது இலையில் போட்ட சோறு மாதிரி, எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் அதை மட்டும் சாப்பிட்டால் எதோ குறையும். கர்னாச்சா உடம்பையும் சூட்டையும் கொடுக்கிறது. மசுவேலோ துவர்ப்பையும் புளிப்பையும் சேர்க்கிறது. கிராசியானோ ஊறுகாய் மாதிரி. அதைப் பயிர் செய்வது சிரமம், விளைச்சலும் குறைவு, பழுக்கவும் தாமதமாகும். ஆனால் துளி சேர்த்தாலே வாசனை எழுந்து நிற்கும்.

அப்புறம் மரம். 1850களிலும் 60களிலும் முர்ரியெத்தா, ரிஸ்கால் என்ற இரண்டு மார்க்கேஸ்கள், அதாவது பிரபுக்கள், பிரான்சின் போர்தோ ஊர் முறையை இங்கே கொண்டுவந்தார்கள்: ஒயினைச் சின்ன ஓக் பீப்பாயில் அடைத்து மாதக்கணக்கில் வைப்பது. பிறகு பிரான்சில் ஃபிலாக்ஸெரா பூச்சி திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது, அங்கிருந்த வியாபாரிகள் மலையைத் தாண்டி இங்கே வந்து வாங்க ஆரம்பித்தார்கள். ஆரோ ஊரின் ரயில் நிலையத்தைச் சுற்றி ஒயின் கூடங்கள் முளைத்தன. லோப்பஸ் தே எரேதியா 1877, குனே 1879, லா ரியோஹா அல்தா 1890. மூன்றும் அதே நிலையத்துப் பேட்டையில் இன்றும் இருக்கின்றன. ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம்.

பீப்பாய் ஒன்றுக்கு 225 லிட்டர் பிடிக்கும், அதாவது 300 பாட்டில். ரியோஹாவின் பழைய வழக்கம் அமெரிக்க ஓக். ஆரோவில் ஒரு நிலவறைக்குள் முதல் தடவை இறங்கியபோது எனக்குக் கொப்பரை வாசனை அடித்தது. பிரமை என்று நினைத்தேன். உண்மைதான், அமெரிக்க ஓக்கில் இருக்கிற லாக்டோன் என்ற பொருள்தான் தேங்காயை நினைவூட்டுகிறது. பிரெஞ்சு ஓக்கில் அது அடக்கமாக இருக்கும், கிராம்பு போன்ற வாசனை முன்னால் வரும். பிரெஞ்சு மரத்தை ரம்பத்தால் அறுத்தால் ஒழுகும், நார் ஓடும் திசையில் பிளக்க வேண்டும். அதனால் மரம் நிறைய வீணாகும், விலையும் ஏறும். பீப்பாயின் உட்புறத்தை நெருப்பில் வாட்டுவார்கள். ஒயினில் வரும் புகை, காப்பி வாசனையெல்லாம் அதனால்தான். மரத்தின் வழியே துளித்துளியாக உள்ளே போகும் காற்று துவர்ப்பைப் பதப்படுத்துகிறது. சில பழைய கூடங்களில் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒயினை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, கண்ணாடிக் குவளையில் பிடித்து மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கசடு தெரிந்த கணத்தில் நிறுத்திவிடுவார்கள்.

இந்தக் காத்திருப்புக்கு ஸ்பானிய மொழியில் 'கிரியான்சா' என்று பெயர். பிள்ளை வளர்ப்பதற்கும் இதே வேர்ச்சொல்தான். எனக்கு மிகவும் பிடித்த ஸ்பானிய வார்த்தை இது.

கடையில் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கச் சீட்டைப் பாருங்கள். ஒழுங்குமுறைக் குழு ஒட்டும் எண்ணிட்ட முத்திரை அங்கே இருக்கும். பச்சை என்றால் வயது நிபந்தனை எதுவும் இல்லாதது. இளம் ஒயின்கள் பெரும்பாலும் இதில் வரும். சிவப்பு என்றால் கிரியான்சா: குறைந்தது 2 வருடம், அதில் 1 வருடம் பீப்பாயில். கருஞ்சிவப்பு என்றால் ரெசெர்வா: 3 வருடம், அதில் பீப்பாயில் குறைந்தது 1 வருடம், மீதியில் 6 மாதமாவது பாட்டிலில். நீலம் என்றால் கிரான் ரெசெர்வா: 5 வருடம், அதில் பீப்பாயில் 2, பாட்டிலில் 2. இவை வயதைச் சொல்லும் சீட்டுகள், மதிப்பெண் பட்டியல் கிடையாது. தினசரிச் சாப்பாட்டுக்கு நான் கைவைப்பது சிவப்புச் சீட்டில்தான். இந்த ஊரில் 10 யூரோவுக்குள் மனசு நிறைகிற கிரியான்சா கிடைக்கிறது. ஆண்டைப் பார்த்து வாங்குகிற ஆளாக இருந்தால் 2001, 2004, 2010 மூன்றும் இங்கே மிக நல்ல ஆண்டுகளாக மதிக்கப்பட்டவை. ஆனால் கிரியான்சா வாங்க ஆண்டு பற்றி அவ்வளவு கவலை வேண்டாம்.

சமைப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். புதிதாகச் சேரும் பையன்களுக்கு நான் இதைத்தான் முதலில் செய்து காட்டுவேன். கிரியான்சா ஒரு வாய் குடித்து, விழுங்காமல் நாக்கால் ஈறைத் தடவுங்கள். பால் விடாத கட்டித் தேநீர் மாதிரி, வாழைப்பூவை ஆயும்போது ஒரு இதழைக் கடித்துப் பார்த்த மாதிரி வாய் இழுக்கும். அதுதான் டானின். அறுசுவையில் இதற்கு நமக்கு ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: துவர்ப்பு. ஸ்பெயினில் இதைப் புரியவைக்க நான் கையை ஆட்டி விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் ஒரே வார்த்தை போதும். இப்போது உப்புள்ள, முற்றிய செம்மறியாட்டுச் சீஸ் ஒரு துண்டு, மான்செகோவோ இதியசாபாலோ, மென்று விழுங்கிவிட்டு மறுபடி ஒரு வாய் குடியுங்கள். அதே ஒயின் வழவழவென்று இறங்கும். துவர்ப்பு, நம் எச்சிலில் இருக்கிற புரதத்தைப் பிடித்து இழுப்பதால்தான் வாய் காய்கிறது. சாப்பாட்டில் கொழுப்பும் புரதமும் இருந்தால் அது அவற்றைப் பிடித்துக்கொள்ளும், வாயை விட்டுவிடும். உப்பு கசப்பை அமுக்கும். ஆகவே இந்த ஒயினோடு சாப்பிடுவதில் கொழுப்பு, உப்பு, கொஞ்சம் புகை இருக்கட்டும். புகை எதற்கு என்றால், வாட்டிய பீப்பாயின் வாசனை அதைத் தேடும்.

இந்த மூன்றும் ஒன்றாகச் சேரும் சமையல் எங்கள் ஊரிலேயே இருக்கிறது: திராட்சைக் குச்சித் தணலில் சுட்ட ஆட்டுக்குட்டிச் சாப்ஸ். குளிர்காலத்தில் கொடியைக் கவாத்து செய்யும்போது விழும் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி, கொட்டகையில் காயவைப்பார்கள். சர்மியெந்தோ என்று பெயர். சமைக்கும் அன்று ஒரு கட்டை அப்படியே தரையில் வைத்துப் பற்றவைத்தால் ஆள் உயரத்துக்கு நெருப்பு எழும்பும், சடசடவென்று வெடிக்கும். எல்லோரும் பின்னால் நகர்வார்கள். அப்போது கறியை வைக்கவே கூடாது. குச்சி மெலிதாக இருப்பதால் கொஞ்ச நேரத்தில் கொழுந்து அடங்கி, மேலே சாம்பல் பூத்த தணலாக நிற்கும். அதற்காகத்தான் காத்திருக்க வேண்டும். சாப்ஸ் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும், எலும்போடு. இரட்டைக் கம்பி வலைக்குள் நெருக்கி அடுக்கி மூடி, தணலுக்கு மேலே பிடிக்க வேண்டும். பக்கத்துக்கு 2 நிமிடம், அதிகம் போனால் 3. ஓரக் கொழுப்பு உருகித் தணலில் சொட்டும்போது எழும் புகைதான் அங்கே மசாலா. எடுத்ததும் கல்லுப்பு மட்டும். பூண்டு கிடையாது, மிளகு கிடையாது. தட்டுக்கு வந்த கையோடு எலும்பைப் பிடித்துக் கடித்து, எண்ணெய்க் கையோடேயே கிளாஸைத் தூக்குவார்கள். கிளாஸ் முழுக்க விரல் அடையாளம் இருக்கும். யாரும் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

இதற்குக் கிரியான்சா. ரெசெர்வாவும் பொருந்தும். குச்சிக்கட்டு கிடைக்காதவர்கள் இரும்புத் தோசைக்கல்லை நன்றாகப் புகைய விட்டு அதில் சுடலாம். என் வீட்டில் அப்படித்தான் செய்கிறேன். ஜன்னலைத் திறந்து வையுங்கள். கறியை முக்கால் மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுக் கல்லில் போட வேண்டும். ஈரம் இருந்தால் கறி வெந்துவிடும், சுடாது.

ஆரம்பத்தில் சொன்ன உருளைக்கிழங்குக் குழம்புக்கு இளம் ஒயினோ கிரியான்சாவோ தான். பத்தாத்தாஸ் ஆ லா ரியோஹானா என்று பெயர். அதில் ஒரு நுணுக்கம் உண்டு: கிழங்கை முழுக்க வெட்டக் கூடாது. கத்தியைப் பாதி இறக்கி, மீதியைத் திருகி உடைக்க வேண்டும். டக்கென்று சத்தம் வரும். உடைந்த முகம் சொரசொரப்பாக இருப்பதால் மாவுச்சத்து கரைந்து குழம்பு தானாகக் கெட்டியாகிறது. வெங்காயம், பூண்டு, பிரிஞ்சி இலை, ஊறவைத்துச் சுரண்டிய சோரிசேரோ மிளகாயின் சதை, வட்டமாக நறுக்கிய சோரிசோ. அந்த மிளகாயில் காரம் இருக்காது, இனிப்பும் நிறமும்தான். சோரிசோவில் இருக்கும் பூண்டும் மிளகாய்த்தூளும் உப்பும் வாயை முழுக்க அடைத்துக்கொள்ளும். அதை எதிர்த்து நிற்கப் பழத்தன்மையும் துடிப்பும் உள்ள ஒயின் வேண்டும். கிரான் ரெசெர்வாவில் அந்த முரட்டுத்தனம் ஓய்ந்திருக்கும்.

கறி சாப்பிடாதவர்களையும் நான் வெறும் சாலட் கொடுத்து அனுப்புவதில்லை. லோக்ரோன்யோவின் லவுரெல் தெருவில் காளானைத் தண்டு நீக்கிக் கவிழ்த்துச் சுட்டு, பூண்டு எண்ணெய் ஊற்றி, ரொட்டிமேல் அடுக்கிக் குச்சி குத்திக் கொடுப்பார்கள். மேலே ஒரு சின்ன இறால் இருக்கும், வேண்டாம் என்றால் முன்னாலேயே சொல்லிவிடலாம். சுட்ட பிக்கியோ மிளகாய், கத்தரிக்காயைத் தீயில் சுட்டுத் தோலுரித்தது, சிவப்புப் பீன்ஸை ஆலிவ் எண்ணெயில் வெங்காயத்தோடு மெதுவாக வேகவைத்தது, எல்லாமே கிரியான்சாவுக்கு நல்ல ஜோடி. கூனைப்பூவும் (ஆர்ட்டிசோக்) தண்ணீர்விட்டான் குருத்தும் (அஸ்பாரகஸ்) மட்டும் வேண்டாம். அவை துவர்ப்போடு சேர்ந்தால் வாயில் உலோகச் சுவை வரும். அவற்றுக்கு ரியோஹாவின் வெள்ளை ஒயினைக் கொடுங்கள். வினிகர் தூக்கலான எதுவும் இந்தச் சிவப்பை மழுங்கடித்துவிடும்.

மீனில் ஒன்றே ஒன்று எனக்கு ஒத்துவந்தது. உப்புக்கண்டமாக்கிய பக்காலாவோ மீனை ஊறவைத்து, தக்காளி, சிவப்பு மிளகாய்க் குழம்பில் வேகவைப்பது. இளம் ஒயின், கொஞ்சம் குளிர்ச்சியாக.

ரெசெர்வாவுக்கு அடுப்பில் மெதுவாக வெந்த முழு ஆட்டுக்குட்டித் தொடை. தண்ணீரும் உப்பும் பன்றிக் கொழுப்பும் தவிர ஒன்றும் சேர்ப்பதில்லை. கிரான் ரெசெர்வாவுக்கு இன்னும் குறைவு: வெண்ணெயில் வதக்கிய காட்டுக் காளான், உப்பு மட்டும் போட்டு வறுத்த காடை, மெலிதாகச் சீவிய ஹாமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை. சில சமயம் ரொட்டி மட்டுமே வைத்துவிட்டு நான் நகர்ந்துவிடுவேன். கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் துணிக்கு மேலே பிடித்துப் பாருங்கள். இளம் ஒயினின் ஓரம் ஊதாவாக இருக்கும். கிரான் ரெசெர்வாவின் ஓரம் பழைய நாட்டு ஓட்டு நிறத்துக்கு வந்திருக்கும். இங்கே உள்ளவர்களும் அதைத் 'தேஹா', ஓடு என்றேதான் சொல்கிறார்கள். அந்த நிறம் தெரிந்தால் மசாலா டப்பாவை மூடிவிடுங்கள்.

என் வீட்டுக்கு வருகிற நம் ஊர் நண்பர்கள் கேட்பது, மட்டன் குழம்போடு குடிக்கலாமா என்று. செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் தூண்டிவிடும், துவர்ப்பு அதை உறைக்க வைக்கும். இரண்டாவது வாயிலேயே ஒயின் கசந்தது, குழம்பு எரிந்தது, இரண்டுக்கும் அநியாயம். புளி சேர்ந்தால் இன்னும் மோசம். மிளகாயை விட்டு, சீரகமும் சிறிதளவு மிளகும் மட்டும் போட்டு, கொழுப்போடு சுருள வதக்கிய கறி என்றால் கிரியான்சா ஒத்துப்போகிறது. காரக் குழம்புதான் வேண்டும் என்றால் ஓக் படாத, கர்னாச்சா மிகுந்த இளம் ஒயினை நன்றாகக் குளிர வைத்து ஊற்றுங்கள்.

சரி, ஊற்றுவது எப்படி? சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் குடிக்க வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. லோக்ரோன்யோவில் ஆகஸ்டில் அறைச் சூடு 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கைக் குத்தும், வேறு எதுவும் தெரியாது. கிரியான்சாவுக்கு 15, 16 டிகிரி, ரெசெர்வாவுக்கும் கிரான் ரெசெர்வாவுக்கும் 17 டிகிரி வாக்கில். வெப்பமான ஊரில் இருந்தால் பாட்டிலை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். கொஞ்சம் அதிகமாகக் குளிர்ந்தால் கவலையில்லை, கிளாஸிலேயே சரியாகிவிடும். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்ற இடம் வேண்டும்.

இளம் கிரியான்சாவுக்கு அரை மணி நேரம் காற்று நல்லது. பழைய பாட்டிலுக்கு அதுவே எமன். என் இரண்டாம் வருடத்தில் 1994ஆம் ஆண்டுக் கிரான் ரெசெர்வா ஒன்றை, மரியாதை செய்வதாக நினைத்து, அகன்ற கண்ணாடி ஜாடியில் உயரத்திலிருந்து ஊற்றி வைத்தேன். விருந்தாளிகள் முதல் பதார்த்தம் முடித்து அதற்கு வந்தபோது 40 நிமிடம் ஆகியிருந்தது. காய்ந்த அத்தி, தோல், புகையிலை என்று திறந்தபோது இருந்த வாசனை ஒன்றுமே இல்லை, வெறும் புளித்த தண்ணீர். அவர்கள் ஒன்றும் சொல்லாமல் குடித்தார்கள். இன்றைக்கும் அந்த மேசையை நான் மறக்கவில்லை.

அன்றிலிருந்து செய்வது இதுதான். முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுவேன், கசடு அடியில் இறங்கட்டும். பழைய தக்கை திருகாணியைத் தாங்காமல் உதிரும். அதற்கு இரண்டு மெல்லிய தகடு உள்ள திறப்பான் இருக்கிறது. தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நீளமான தகட்டை முதலில் நுழைத்து, இடமும் வலமுமாக அசைத்து இறக்கி, பிறகு திருகிக்கொண்டே மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தக்கை உள்ளே விழுந்துவிடும். பாட்டில் கழுத்துக்குக் கீழே கைப்பேசி விளக்கை வைத்துக்கொண்டு, கையை நிறுத்தாமல் ஒரே சீராகக் கிளாஸ்களில் ஊற்றுவேன். கழுத்தில் கருப்பாக ஒரு கோடு நகர்ந்து வந்தால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும். உடனே குடித்துவிடச் சொல்வேன்.

மிஞ்சிய கிரியான்சாவைத் தக்கை அடைத்துக் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும். அதற்குமேல் போனால் பேரிக்காய்க்கு எடுத்துவிடலாம். இங்கே ரின்கோன் தே சோத்தோ ஊர்ப் பேரிக்காய் பேர்பெற்றது. பழுக்கப்போகிற, இன்னும் கெட்டியாக இருக்கிற காய் 4 எடுத்து, காம்பை விட்டுவிட்டுத் தோல் சீவுங்கள். அரை பாட்டில் ஒயின், ஒரு டம்ளர் தண்ணீர், 100 கிராம் சர்க்கரை, ஒரு பட்டை, எலுமிச்சைத் தோல் ஒரு சுருள். சின்னத் தீயில் அரை மணி நேரம், அவ்வப்போது காயைப் புரட்டிவிட வேண்டும். கத்தி நுனி தடையில்லாமல் இறங்கினால் அடுப்பை அணைத்து, அந்தச் சாற்றிலேயே ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் காயை எடுத்து வைத்துவிட்டு, சாற்றை மட்டும் கரண்டியில் ஒட்டுகிற பதம் வரும்வரை சுண்டக் காய்ச்சி மேலே ஊற்றுங்கள்.